எதிர்ப்பக்கத்து ஓகே

கடைக்காரர் எந்தச் சைக்கிளைக் காட்டினாலும் என் கணவர் முதலில் இடது பிரேக்கைத்தான் பிடித்துப் பார்த்தார். அந்தக் கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கிடையாது. மோதிர விரலையும் சுண்டுவிரலையும் லீவரின் நுனியில் மாட்டி அழுத்துவார். முழுதாக அழுந்தவில்லை என்றால் அந்த வண்டியின் மற்ற பெருமைகளைக் காதில் வாங்கவே மாட்டார். "அடுத்தது" என்பார். பெண் பார்க்கப் போன வீட்டில் பஜ்ஜியை மட்டும் தின்றுவிட்டு எழுந்து வருகிறவர் மாதிரி இருந்தது எனக்கு.

படப்பையிலிருந்து ஒரகடம் போகிற ரோட்டோரக் கடை அது. முன்பு சாதாரண சைக்கிள் விற்றுக்கொண்டிருந்தார்களாம். இப்போது பாதிக் கடை எலக்ட்ரிக் சைக்கிள். கம்பெனிக்குப் போய்வரும் பையன்கள்தான் வாங்குகிறார்கள். அதனால் கடைக்காரர் எங்களையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்.

"இன்னா சார், டூட்டிக்குப் போய் வரவா?"

"டூட்டிக்கு இல்ல. லீவு நாள்ல சும்மா ஓட்ட. கல்லு, மேடு, மண்ரோடு, இந்த மாதிரி."

"மேடா? இங்க ஏது சார் மேடு? ஊட்டிக்கு இட்டுகினு போவப் போறீங்களா?"

"வல்லக்கோட்டைக்கு அந்தாண்ட கரடு கீது. பழைய குவாரிப் பாதை கீது. அங்கதான். ரோட்ல ஓட்ட மாட்டேன்."

ரோட்டில் ஓட்ட மாட்டேன் என்று சொல்லிக்கொண்டு வண்டி வாங்க வந்த முதல் ஆள் இவராகத்தான் இருப்பார். கடைக்காரர் விளக்கம் கேட்பதுபோல என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த ஹெல்மெட்டைப் பார்த்தேன். காரணம் எனக்குத் தெரியும். அது கடையில் நின்று சொல்லுகிற காரணம் இல்லை.

அவர் வேலை பார்த்தது பெரிய கம்பெனிகளுக்குப் பாகம் செய்து தருகிற ஒரு சின்ன கம்பெனியில். அவருடைய மெஷினுக்கு இரண்டு ஆள். இவர் இந்தப் பக்கம், சுவிட்சுக்காரர் அந்தப் பக்கம். நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் இரும்பு. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. பாகம் உள்ளே சிக்கிக்கொண்டால் மெஷின் நின்றுவிடும், கையை விட்டு எடுக்க வேண்டும். சுவிட்சை அணைக்காமல் எடுத்தால் மறுபடி ஓடிக் கையை நசுக்கிவிடும். அதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். இவர் "ஓகே" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். எதிரே இருப்பவர் சுவிட்சை அணைத்துவிட்டுத் திரும்ப "ஓகே" என்று சொல்ல வேண்டும். அந்த இரண்டாவது ஓகே வந்தால்தான் கை உள்ளே போகும். வெளியில் இருப்பவர்களுக்கு இது விளையாட்டாகத் தோன்றலாம். எங்கள் பக்கத்தில் எத்தனையோ பேருடைய கைகால் இந்த ஒரு சொல்லில்தான் நிற்கிறது. நான் வேலை செய்கிற கம்பெனியிலும் உண்டு. உள்ளே மஞ்சள் கோட்டைக் கடக்கும்போது நின்று, வலப்பக்கம் விரலை நீட்டி "ரைட் ஓகே", இடப்பக்கம் நீட்டி "லெஃப்ட் ஓகே" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பக்கத்தில் யார் இருந்தாலும் திருப்பி "ஓகே" சொல்வார்கள். நான் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஹாஸ்டல் பெண்ணாக இங்கே வந்த புதிதில் இதைச் செய்ய வெட்கமாக இருந்தது. இப்போது அடுப்படிக்குள் நுழையும்போதுகூட விரல் தானாக நீளுகிறது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம். மற்ற லைன் எல்லாம் நிறுத்தி, இவருடைய மெஷின் மட்டும் ஓடியது. பாகம் சிக்கியது. இவர் "ஓகே" என்றார். எதிரிலிருந்து "ஓகே" வந்தது. கையை விட்டார்.

எதிரே நிற்க வேண்டியவர் அப்போது அங்கேயே இல்லை. தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். கேமராவில் பார்த்து அதை உறுதி செய்தார்கள். வேறு ஆளும் இல்லை. அப்படியானால் ஓகே சொன்னது யார்? யாரும் சொல்லவில்லை, இவர்தான் அவசரப்பட்டுவிட்டார் என்று கம்பெனியில் முடிவு செய்தார்கள். ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்ட கையோடு இவர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "கேட்டுதுடி. நல்லா கேட்டுது."

எதிரே நிற்க வேண்டியவர் எங்கள் வீட்டுக்கே வந்து அழுதார். "அண்ணே, எங்க அம்மா சத்தியமா நான் சொல்லலண்ணே." இவர் அவரைத் தேற்றி, காபி கொடுக்கச் சொல்லி அனுப்பினார். அவர் படியிறங்கிய பிறகு இவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார். "அப்ப யாரு?"

அதோடு போயிருந்தால் விரலோடு போயிற்று என்று இருந்திருப்பேன். போகவில்லை. கம்பெனியில் ஸ்டோரில் உட்காருகிற வேலை கொடுத்தார்கள். ஆள் சாதாரணமாகத்தான் போய்வந்தார். ஆனால் வீட்டில் ஏதாவது சுவிட்சைப் போடும் முன் ஒரு நிமிஷம் அசையாமல் நிற்பார். கேஸ் அடுப்பைப் பற்றவைக்கப் போனாலும் அப்படித்தான். சாமி கும்பிடுகிறாரோ என்று நினைத்தேன். ஒருநாள் ஒரகடம் கூட்ரோட்டில் பஸ்ஸை விட்டிறங்கி ரோட்டைக் கடக்க நின்றோம். வண்டிகள் விடாமல் வந்துகொண்டிருந்தன. திடீரென்று இவர் இறங்கி நடக்க ஆரம்பித்தார். சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தேன். கம்பெனி பஸ் ஒன்று முகத்தில் காற்றடித்துப் போனது.

"கண்ணு தெரியலையா உங்களுக்கு? என்ன நெனப்புல எறங்குதீங்க?"

"ஓகே சொன்னாங்க" என்றார்.

பட்டப்பகல். சுற்றிலும் ஐம்பது பேர். அந்தக் கூட்டத்தில் நின்றுகொண்டு எனக்கு முதுகு சில்லிட்டது.

அன்றைக்குத்தான் முழுதும் சொன்னார். அந்தக் குரல் விபத்தோடு நிற்கவில்லை. எங்கே ஆபத்தோ அங்கே வருகிறது. மாடிப் படியின் ஓரத்தில் வருகிறது. ரோட்டைக் கடக்கும்போது கட்டாயம் வருகிறது. பயமுறுத்துகிற குரல் இல்லை. கூட வேலை செய்கிறவர் சொல்வது மாதிரி, நம்பிக்கையாக, அவசரமில்லாமல் சொல்கிறது. அதுதான் கஷ்டம் என்றார்.

காது டாக்டர் காது நன்றாக இருக்கிறது என்றார். இன்னொரு டாக்டர் தூங்குவதற்கு மாத்திரை கொடுத்தார். மாமியார் எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டு, வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டிக்கொண்டார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவருக்கு இருட்டுகூட வேண்டியிருக்கவில்லை. பட்டப்பகலே போதுமாக இருந்தது.

"விரல் போனது போச்சு" என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். "நான் லூசா இல்லியா, அது ஒண்ணு மட்டும் எனக்குத் தெரியணும்."

நான் குழம்பை ஊற்றினேன். வேறென்ன செய்ய?

கல்யாணத்துக்கு முன்னால் அவர் பைக் பைத்தியம். இப்போது கிளட்ச் பிடிக்க விரல் இல்லை, ரோட்டில் இறங்கத் தைரியம் இல்லை. லீவு நாளெல்லாம் வீட்டுக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். எலக்ட்ரிக் சைக்கிள் யோசனை அவருடையதுதான். கரட்டுப் பாதையில் லாரி இல்லை, கிராஸிங் இல்லை. கடக்க எதுவும் இல்லாத இடத்தில் அந்தக் குரலுக்கு என்ன வேலை என்பது அவர் கணக்கு. கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. ஆனால் சரி என்றேன். ஒரு மனுஷன் வெளியே வர ஆசைப்படும்போது வாசலை அடைக்கக் கூடாது.

சரி, கடைக்கு வருகிறேன். முதலில் காட்டிய வண்டியின் மோட்டார் பின் சக்கரத்தின் நடுவில் இருந்தது. கடைக்குப் பின்னால் ஒரு சின்ன ஏரிக்கரை. அதன் ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்கச் சொன்னார் கடைக்காரர். இவர் ஓட்டிப் போய், திரும்பி வந்து, முகம் வெளுத்து இறங்கினார்.

"நான் மிதிக்கிறத வுட்டப்புறமும் அது தள்ளுது."

கடைக்காரர் சிரித்தார். "அது அப்டித்தான் சார். பெடல் சுத்துறது நின்னுச்சான்னு அது பாக்கறதுக்கு ஒரு செகண்டு ஆவும். அதுக்கப்பால நிக்கும். பழகிரும்."

நானும் ஓட்டிப் பார்த்தேன். உண்மைதான். காலை நிறுத்திய பிறகும் பின்னால் யாரோ கை வைத்துத் தள்ளிக்கொண்டே வருவது மாதிரி இருந்தது. திரும்பிப் பார்க்கத் தோன்றியது. கரையில் எருமைகளைத் தவிர யாரும் இல்லை.

இரண்டாவது வண்டியில் ஸ்கூட்டர் மாதிரி கைப்பிடியைத் திருகினாலே போகும், மிதிக்கவே வேண்டாம். அது சமதளத்துக்குச் சரி. ஏற்றத்தில் பாதியிலேயே முக்க ஆரம்பித்தது. பேட்டரி பின் கேரியரில் இருந்ததால் கல்லில் ஏறி இறங்கும்போது பின்பக்கம் தூக்கித் தூக்கிப் போட்டது. பேட்டரி தீர்ந்தால் இதை யார் தள்ளிக்கொண்டு வருவது என்று தூக்கிப் பார்த்தேன். அரிசி மூட்டை கனம் இருந்தது. நான் இன்ஸ்பெக்ஷனில் இருக்கிறவள். ஒரு பொருளைக் கையில் எடுத்தால் முதலில் அதில் என்ன கோளாறு என்றுதான் தேடுவேன். கடைக்காரருக்கு என்மேல் எரிச்சல் வந்திருக்க வேண்டும். ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

மூன்றாவதில் மோட்டார் பெடலுக்குப் பக்கத்தில், வண்டியின் நடுவயிற்றில் இருந்தது. காலை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவுதான் அது உதவும். அழுத்தம் நின்றால் அந்த நொடியே அதுவும் நிற்கும். டயர் அகலம், முன்னால் ஷாக். பிரேக்கில் எண்ணெய் ஓடுகிறதாம், அதனால் ஒரு விரலால் தொட்டாலே பிடித்தது. தொட்ட உடனே மோட்டாரும் அடங்கியது. இவர் சுண்டுவிரலால் மட்டும் பிடித்துப் பார்த்தார். அப்புறம் மோதிர விரலால். அப்புறம் கரையில் ஏறிக் கீழே வந்து, "இது நான் சொன்னத மட்டும் கேக்குது" என்றார். பல மாதமாக அவர் வாயில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கேட்டதில்லை.

விலை உயர்ந்தது அதுதான். யோசிக்கிறோம் என்றோம். கடைக்காரர் நல்ல மனுஷர். "ஞாயித்துக்கெழமை எட்துகினு போய் உங்க கரட்டுல ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க. அம்மாவுக்கு மொதல் வண்டியத் தர்றேன். ரெண்டு பேரா போனாத்தான் ஷோக்கா இருக்கும்" என்றார். காலை நிறுத்திய பிறகும் தள்ளுகிற அந்த வண்டி அப்படித்தான் என் தலையில் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாடு முடித்துக் கிளம்பினோம். மெயின் ரோட்டைக் கடக்கும்போது வண்டியை விட்டிறங்கி, ஒரு கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கூட வந்தார். அதற்கு அப்புறம் மனைப்பிரிவுகள். வாசலில் பெரிய வளைவு, உள்ளே தார் ரோடு, லைட் கம்பம், நம்பர் போட்ட கல். வீடு மட்டும் இல்லை. ஒரு தெருவுக்குப் பூங்கா என்று போர்டு இருந்தது. போர்டுக்குப் பின்னால் முள். ஆள் குடிவராத ஊருக்குள் தெருத் தெருவாகப் போய்க்கொண்டிருந்தோம்.

எலக்ட்ரிக் சைக்கிளுக்குச் சத்தம் கிடையாது என்று கடையில் சொன்னபோது நல்லதுதானே என்று நினைத்தேன். அங்கே போனபோதுதான் அதன் அர்த்தம் தெரிந்தது. படுத்திருந்த நாய் நாங்கள் தாண்டிப் போகும்வரை தலை தூக்கவில்லை. கொக்கு பறக்கவில்லை. ஏரிக்கரை ஓரம் குனிந்து புல் அறுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, நாங்கள் முதுகுக்குப் பின்னால் வந்ததும் வீலென்று கத்திவிட்டார். அரிவாளை ஓங்கியபடி எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆளா? ஆளுதானா? த்தூ. ஒரு கொரல் குடுத்துகினு வரக் கூடாதா? சத்தமில்லாம வந்தா நான் இன்னான்னு நெனைப்பேன்?"

மன்னிப்புக் கேட்டுவிட்டு நகர்ந்தோம். கொஞ்ச தூரம் போன பிறகு இவர் சொன்னார். "பாத்தியா. நம்மளப் பாத்தே ஒருத்தருக்குப் பயம்." எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அதன்பின் வளைவு வந்தபோதெல்லாம் நான் பெல்லை அடித்துக்கொண்டே போனேன்.

கரடு ஏற ஆரம்பித்தது. பழைய குவாரி லாரிகள் போட்ட பாதை, மழைக்குப் பிறகு நடுவில் அறுத்துக்கொண்டு கிடந்தது. இருபக்கமும் பாறை. இவருடைய வண்டி கழுதை மாதிரி நிதானமாகக் கால் பார்த்து ஏறியது. என்னுடையது மிதித்தால் பாய்ந்தது, விட்டால் தள்ளியது. அவர் முன்னே போனார். முதுகு நிமிர்ந்திருந்தது. மோதிர விரலும் சுண்டுவிரலும் பிரேக்கின்மேல் லேசாகக் கிடந்தன. பின்னாலிருந்து பார்த்தபோது பழைய மனுஷனைப் பார்த்த மாதிரி இருந்தது. முருகா, இது போதும் என்று நினைத்தேன்.

ஒரு திருப்பத்தில் அவர் மறைந்தார். நான் மூச்சு வாங்கி ஏறி வந்தபோது பாதை பிரிந்தது. இடப்பக்கம் புதருக்குள் ஒற்றையடி. வலப்பக்கம் ஒரு பெரிய பாறையைச் சுற்றி அகலமான பாதை. அவரைக் காணோம். காற்று இல்லை, குருவி இல்லை. தூரத்தில் ஹைவே இரைச்சல்கூடக் கேட்கவில்லை. உச்சி வெயிலில் பாறை வெள்ளையாகத் தெரிந்தது. யாரோ என்னையே பார்த்துக்கொண்டிருப்பது மாதிரி இருந்தது.

கால் ஊன்றி நின்றேன். விரல் தானாக நீண்டது. கம்பெனிப் பழக்கம், வாயும் தானாகத் திறந்தது.

"ரைட்... ஓகே!"

"ஓகே!"

பாறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. ஆண் குரல். நிதானமாக, நம்பிக்கையாக. அந்தப் பக்கம் போய்விட்டார், பாதை நன்றாக இருக்கிறது என்று நினைத்து ஓங்கி மிதித்தேன். எங்கள் பக்கத்தில் வேலை செய்கிற யாராக இருந்தாலும் அப்படித்தான் மிதித்திருப்பார்கள். எதிரிலிருந்து ஓகே வந்த பிறகு யார் நிற்பார்கள்?

பாறையைச் சுற்றினேன். முன்னால் பாதை இல்லை. வானம் இருந்தது. அதற்குக் கீழே, நேர் கீழே, பச்சைத் தண்ணீர்.

காலை நிறுத்தினேன். வண்டி தள்ளியது. அந்த ஒரு நொடியில் பின்னாலிருந்த அந்தக் கையை நான் முழுதாக உணர்ந்தேன். பிரேக்கைப் பிடித்தபடியே பக்கவாட்டில் விழுந்தேன். முள்ளில் கன்னம் கிழிந்தது. முன் சக்கரம் விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு கல் உருண்டு போய், வெகுநேரம் கழித்துத் தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது.

ஓடிவருகிற காலடிச் சத்தம் கேட்டது. அது எனக்குப் பின்னாலிருந்து வந்தது.

அவர் வந்து என் தோளைப் பிடித்து உள்ளே இழுத்தார். "இன்னாடி ஆச்சு? இந்தப் பக்கம் எதுக்கு வந்த? நான் அந்தப் புதர்ப் பக்கம் ஒதுங்கி இருந்தேன்."

"நீங்கதான ஓகே சொன்னீங்க?"

"நானா?"

"வெளாடாதீங்க. நான் ரைட் ஓகேன்னேன். நீங்க இங்கனயிருந்து ஓகேன்னீங்க. உங்க கொரலு மாதிரித்தான் கேட்டுச்சி."

அவர் என்னையே பார்த்தார். நான் பயந்தது குழியைப் பார்த்து இல்லை. அவர் முகத்தைப் பார்த்து. அதில் பதற்றம் இல்லை, பயம் இல்லை. பசித்தவன் சோற்றைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

"உனக்கும் கேட்டுதா?" என்றார்.

அந்த நிமிஷம் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நான் சாகப் பார்த்திருக்கிறேன், கன்னத்தில் ரத்தம் வழிகிறது, இவர் சிரிக்காத குறை. முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். வைத்துவிட்டு அவர் மேலேயே சாய்ந்து அழுதேன். எனக்கும் கேட்டது. அதுதான் உண்மை. அதுவரை அவருக்காகப் பயந்தேன், அன்றைக்குத்தான் முதல் தடவை எனக்காகவும் பயந்தேன்.

கொஞ்சம் தணிந்ததும் அவர் எழுந்து விளிம்புக்கு இரண்டடி தள்ளி நின்றார். கைவிட்ட குவாரி. வேலிக் கம்பிகூட இல்லை, யாரோ பிடுங்கிப் போயிருந்தார்கள். எதிரே செங்குத்தாக அறுத்த கருங்கல் சுவர், நாலு மாடி உயரம்.

"ஓகே!" என்று கத்தினார்.

சுவர் ஒரு மூச்சுவிடும் நேரம் சும்மா இருந்தது. பிறகு சொன்னது. "ஓகே."

கனத்த குரல். அவருடையதும் இல்லை, வேறு யாருடையதும் இல்லை என்று தோன்றுகிற குரல். நீயும் சொல்லு என்றார். சொன்னேன். என் குரலும் குழிக்குள் போய், ஆண் குரலாகத் தடித்துத் திரும்பி வந்தது. எதிரொலி என்று புத்திக்குத் தெரிகிறது. கையில் மயிர் நின்றது நின்றபடிதான் இருந்தது.

அவர் மறுபடி கத்தவில்லை. நின்றபடியே யோசித்தார். வெயில் தலையைப் பிளந்தது. கூப்பிடப் பயமாக இருந்தது.

"அந்த வாரம்தான் ஷீட்டக் கழட்டுனாங்க" என்றார் கடைசியில்.

"எந்த ஷீட்ட?"

"எங்க லைனுக்குப் பின்னால புது ஷெட்டு போட்டாங்கல்ல. நடுவுல தகர ஷீட்டு மறைச்சிகினு இருந்துச்சி. வெள்ளிக்கெழம கழட்டிட்டாங்க. அந்தாண்ட ஒரு மெஷினும் வரல. வெறும் ஷெட்டு. இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் வெறும் தகரம். மத்த நாள்ல எல்லா லைனும் ஓடும், அந்தச் சத்தத்துல ஒண்ணும் தெரியாது. அன்னிக்கு என் மெஷினு மட்டும்தான். சிக்கினதும் அதுவும் நின்னுப் போச்சி." நிறுத்தினார். "நான் ஓகேன்னேன். அது திருப்பிச் சொல்லிச்சி. அவ்ளோதான். எனக்கு நானே சொல்லிகினு நானே கைய வுட்டுட்டேன்டி."

லூசு இல்லை என்று தெரிந்ததும் மனுஷன் மகிழ்ந்து போவார் என்று நினைத்திருந்தேன். அவர் அப்படியே உட்கார்ந்து, விரல் இல்லாத கையை மடியில் வைத்துக்கொண்டு, குழந்தை மாதிரி விம்மினார். இத்தனை மாதம் அந்தக் குரல் யாரோ ஒருவருடையது. கோபப்படலாம், தேடலாம், பயப்படலாம். இப்போது அதற்கும் ஆள் இல்லை.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். குழியைப் பார்த்து, தொண்டை கிழிய, "ஓகே இல்ல!" என்று கத்தினார்.

"இல்ல" என்றது சுவர்.

என் வண்டியை இரண்டு பேருமாக இழுத்து எடுத்தோம். பாதை பிரிகிற இடத்தில் கல்லையும் முள்ளையும் போட்டு அடைத்தோம். கீழே இறங்கும்போது அவர் வண்டியை எனக்குத் தந்துவிட்டு என்னுடையதை அவர் எடுத்துக்கொண்டார். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். "தள்ளட்டும். இப்பதான் தெரியுமே தள்ளும்னு" என்றார். புல் அறுத்த அம்மா இருந்த இடத்தில் யாரும் இல்லை. ஆனாலும் இரண்டு பேரும் பெல்லை அடித்தோம்.

மெயின் ரோட்டுக்கு வந்தபோது வழக்கப்படி அவர் மணிக்கட்டைப் பிடிக்கப் போனேன். அவர் கையை இழுத்துக்கொண்டார். "நான் போறேன். நீ அப்பால வா." தடுக்கவில்லை. அவர் வண்டியை உருட்டிக்கொண்டு விளிம்பில் நின்றார். இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு இடைவெளி வந்தது, போகவில்லை. இன்னொன்று வந்தது, போகவில்லை. மூன்றாவதில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, ஓடாமல், நடந்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தார். அங்கிருந்து திரும்பி என்னைப் பார்த்தார். ரோட்டோரம் நின்றுகொண்டு நான் அழுதேன். பக்கத்தில் ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்தவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். பார்க்கட்டும்.

இப்போது என் முறை. அவரையே பார்த்தபடி வண்டியை உருட்டினேன். ரோடு காலியாகத் தெரிந்தது.

"ஓகே."

காதுக்குப் பக்கத்தில். நிதானமாக, நம்பிக்கையாக, கூட வேலை செய்கிறவர் சொல்வது மாதிரி. அங்கே குழி இல்லை, சுவர் இல்லை, நான் வாயே திறக்கவில்லை. முன் சக்கரம் தாரில் இறங்கிவிட்டது.

எதிர்ப்பக்கத்தில் அவர் மூன்று விரல் கையை உயரே தூக்கிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார். "இரு! வராத! இரு!"

நின்றேன். கார்களை ஏற்றிப்போகிற நீளமான டிரெய்லர் ஒன்று எனக்கு முன்னால் கடந்தது. அது முழுதும் போய் முடிய வெகுநேரம் ஆன மாதிரி இருந்தது. அவர் கையை இறக்கி, தலையை அசைத்த பிறகுதான் நான் கடந்தேன்.

போய்ச் சேர்ந்ததும் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏங்க. எனக்கு... இப்ப... ஓகேன்னு..."

"தெரியும்" என்றார். "எனக்கும் கேட்டுது. அதான் கத்துனேன்."